கடைமடைக்கு ஒரு லைஃப்

“ஏறாதம்மா! நான் இன்னும் கீழதான் நிக்கிறேன்!”

மகன் கத்தி முடிப்பதற்குள் நான் அடுத்த பாறைக்குத் தாவிவிட்டேன். திரை மேலே நகர்ந்தது. சிவப்புக் கால்சட்டை போட்ட அவனுடைய ஆள் திரையின் அடிவிளிம்பில் மாட்டிக்கொண்டு செத்துப்போனான். எதிரி சுடவில்லை, மேலிருந்து பாறை எதுவும் உருளவில்லை. நான் ஏறினேன், அவன் செத்தான். அவ்வளவுதான் நடந்தது.

கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா ஒரு வாரமாக எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சொன்னார்: “தலைமடைக்காரன் அவன்பாட்டுக்குப் பாய்ச்சிக்கிட்டுப் போனா கடைமடை என்னத்துக்கு ஆகும்? புள்ளைய இருந்து கூட்டிக்கிட்டுப் போ.”

அப்பா ஐம்பது வருஷம் கடைமடையில் வயல் பார்த்தவர். எங்கள் ஊர் பேரவூரணிப் பக்கம். கல்லணையில் பிரிகிற கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு 1934-ல் தண்ணீர் விட்ட கால்வாய் அது. தஞ்சாவூர் ஊருக்குள் நுழைந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வரும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள். அங்கே நெல்லும் பூவும் தூவிக் கதவைத் தூக்குகிற படம் மறுநாள் பேப்பரில் வரும். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எப்போது நனைக்கும் என்பது மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கடைமடைக்காரர்கள் தண்ணீருக்காக மறியல் செய்யாத வருஷம் குறைவு.

அதனால்தான் நாங்கள் ஆடிய கான்ட்ரா என்ற டிவி கேமின் மூன்றாவது ஸ்டேஜ் அப்பாவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பட்டன் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. மேலே இருப்பவன் அவசரப்பட்டால் கீழே இருப்பவன் காய்வான் என்பது தெரியும்.

பரணில் கிடந்த பெட்டி

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது 1993-ல். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, கோடாலித் தைலம், சேலை, டார்ச் லைட்டோடு ஒரு ‘மைக்ரோ ஜீனியஸ்’ டிவி கேமும் கொண்டுவந்தார். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. தெருவில் அப்போது டிவி இருந்த வீடே நாலைந்துதான். டிவிக்குள் இருக்கிற ஆளை நாமே நடக்கவைக்கலாம் என்ற சேதி பரவி, சாயந்திரமானால் எங்கள் கூடத்தில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டது. தென்னை சாய்ந்தது, வீட்டு ஓடு பறந்தது, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. நனைந்த சாமான்களைப் பரணிலிருந்து இறக்கியபோது யூரியா சாக்கில் சுற்றியபடி பெட்டி கையில் வந்தது. சாக்கு நனைந்திருந்தது, பெட்டி நனையவில்லை. அன்று அதைத் தட்டிப்பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை. துடைத்து பீரோ மேலே வைத்தோம்.

இந்தக் கோடை லீவில்தான் அதை எடுத்தேன். நாங்கள் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறோம். லீவுக்கு ஊருக்கு வந்தால் மகனுக்குப் பொழுது போவதில்லை, செல்லைத் தேடுவான். செல்லைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிடுங்கிய கையில் வேறு எதையாவது கொடுத்தாக வேண்டும்.

அடாப்டர் செத்திருந்தது, புதிதாக ஒன்று வாங்கினேன். கேசட்டைச் செருகினால் திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் வந்தன. வாயால் ஊதப் போனேன், சின்ன வயசுப் பழக்கம். ஊதும்போது எச்சிலின் ஈரம் பட்டு உலோகப் பல் அரித்துப்போகும். நின்டெண்டோ கம்பெனியே ஊத வேண்டாம் என்றுதான் சொன்னது. மகனுடைய பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்துக் கேசட்டின் பல் வரிசையில் மெதுவாகத் தேய்த்தேன். பச்சைக் களிம்பு ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் பித்தளை நிறம் தெரிந்தது. மறுபடி செருகி சுவிட்சைத் தட்டினேன். ‘64 இன் 1’ பட்டியல் வந்து நின்றது. முப்பது வருஷம் பழைய இசை கூடத்தில் கேட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, “அண்ணன் வந்திருக்கானா?” என்றார்.

டிவிக்குப் பஞ்சம் இல்லை. 2006-லிருந்து அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் அப்பா அறையில் ஓடுகிறது. முதுகு புடைத்த அந்த டிவிதான் இந்த விளையாட்டுக்குச் சரியானது. அதில் சிக்னல் வந்த மாத்திரத்தில் படம் விழும். தட்டை டிவி, வந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கித் திருத்திவிட்டுத்தான் காட்டும். அந்தக் கண்ணிமைப்பு நேரத்துக்குள் கான்ட்ராவில் உயிர் போய்விடும். வாத்து சுடுகிற விளையாட்டின் துப்பாக்கியோ தட்டை டிவியில் வேலையே செய்யாது. பழைய டிவித் திரையின் ஒளியை எதிர்பார்த்துச் செய்த கண் அந்தத் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.

எட்டு ஸ்டேஜ், ஒரே குண்டு

நாம் டிவி கேம் என்று சொல்லி ஆடியது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ல் விற்க ஆரம்பித்த ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல். அசலை வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா. உலகம் முழுவதும் 6 கோடிக்கு மேல் விற்ற அந்த அசல் நம் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. தைவான், ஹாங்காங் பக்கத்து நகல்கள் வந்தன, இந்தியாவிலும் பல பெயர்களில் விற்றார்கள். 64 இன் 1 என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டே பெயர் மாற்றி மாற்றி வரும். மாரியோ, டாங்கி, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ். அவற்றின் நடுவில் கான்ட்ரா.

கொனாமி கம்பெனி கான்ட்ராவை 1987-ல் காசு போட்டு ஆடுகிற கடைகளுக்காகச் செய்தது. அடுத்த வருஷம் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. மாரியோவில் ஒருவர் செத்த பிறகுதான் அடுத்தவர் முறை. கான்ட்ராவில் நீலக் கால்சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் ஒரே திரையில், ஒரே நேரத்தில் ஓடுவார்கள். மொத்தம் எட்டு ஸ்டேஜ். ஆளுக்கு மூன்று லைஃப். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போய்விடும், கையில் இருந்த நல்ல துப்பாக்கியும் சேர்ந்து போகும். எல்லாம் தீர்ந்தால் விட்ட ஸ்டேஜிலிருந்து தொடர மூன்று வாய்ப்பு. அதுவும் தீர்ந்தால் திரும்ப முதலிலிருந்து. சேமித்து வைக்கிற வசதி கிடையாது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அத்தனையும் போனது, டெல்டாக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு கடினமாக ஏன் செய்தார்கள்? காசு போட்டு ஆடுகிற கடையில் ஆடுபவன் சீக்கிரம் சாக வேண்டும், அப்போதுதான் அடுத்த காசு விழும். அந்தப் பழக்கம் வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. கேசட்டில் இடமும் இல்லை. அமெரிக்காவில் விற்ற கான்ட்ரா கேசட் முழுவதும் 128 கிலோபைட்தான், இன்று செல்லில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூட அது போதாது. கை பழகியவர் முதல் ஸ்டேஜிலிருந்து எட்டாவது வரை கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்தக் கால் மணி நேரத்தை மாதக்கணக்காக நீட்டுவது சாவுதான். ஆனால் அந்தச் சாவில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எதிரி பெரும்பாலும் அதே இடத்தில்தான் வருவான், பாலம் அதே இடத்தில்தான் வெடிக்கும். நேற்று செத்த இடத்தில் இன்று குனிந்தால் பிழைக்கலாம். கற்றுக்கொண்டவனை அந்த விளையாட்டு ஏமாற்றாது. கடினமான விளையாட்டுகளில் எனக்குக் கான்ட்ரா மேல் மதிப்பு இருப்பது இதனால்தான்.

முதல் நாள் மகன் முதல் ஸ்டேஜிலேயே ஒன்பது தடவை செத்தான். தண்ணீரில் விழுந்தால் சாகமாட்டோம், கீழ்ப் பட்டனை அழுத்தினால் முங்கலாம், முங்கினால் குண்டு படாது என்று நான் சொன்னபோது அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. பத்தாவது தடவை முங்கிப் பார்த்தான். முகம் மாறிப்போனது. கடைசி லைஃபும் தீர்ந்தபோது என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டான்.

“லைஃப் எத்தனை ரூபாம்மா?”

அவன் கேட்டதில் தப்பு இல்லை. அவன் செல்லில் ஆடிய விளையாட்டுகளில் செத்தால் உடனே ஒரு கடை திறக்கும். சட்டை, துப்பாக்கி, எழுந்து நிற்க இன்னொரு வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு விலை. 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தபோது காரணம் வேறு, தகவல் பாதுகாப்பு என்றார்கள். பெற்றோரின் கவலை காசு, நேரம் இரண்டும். அந்த விளையாட்டுகளுக்கு முடிவு கிடையாது, முடிந்தால் கடை மூட வேண்டியிருக்கும். கான்ட்ரா முடியும். எட்டாவது ஸ்டேஜுக்கு அப்புறம் ஒன்பது இல்லை.

“காசுக்குக் கிடைக்காதுடா தம்பி. என்கிட்ட ரெண்டு இருக்கு, வேணும்னா எடுத்துக்க” என்றேன்.

கான்ட்ராவின் இந்த ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். இருவரில் ஒருவருக்கு லைஃப் தீர்ந்துவிட்டால் அவர் பட்டனைத் தட்டி அடுத்தவருடைய கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவரின் சம்மதத்தை விளையாட்டு கேட்காது. அண்ணன் தங்கை இருக்கிற வீடுகளில் எத்தனை சண்டைக்கு அது காரணம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது ரிமோட்

எங்கள் வீட்டில் முதல் ரிமோட் அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. அதில் பேச்சே கிடையாது. ஜப்பான் அசல் பெட்டியிலேயே இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் இருக்காது, அதற்குப் பதில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டியின் இரண்டாவது ரிமோட்டில் மைக்கும் இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது முதல் ரிமோட் வைத்திருப்பவன் முடிவு. ஐந்து திசையில் குண்டு விரிகிற ‘எஸ்’ துப்பாக்கி விழுந்தால் அது அண்ணனுக்கு. ‘எஃப்’ விழுந்தால் எனக்கு. சுழன்று சுழன்று மெதுவாகப் போகிற நெருப்பு அது, யாருக்கும் பிடிக்காது.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மற்ற ஸ்டேஜ் எதுவும் இப்படி நேர் மேலே ஏறாது. பாறை பாறையாகத் தாவி உச்சிக்குப் போக வேண்டும். திரை மேலேதான் நகரும், கீழே திரும்பாது. முந்தி ஏறுபவன் திரையை இழுத்துக்கொண்டு போவான். ஒரு பாறை பிந்தியவனுக்குக் காலுக்குக் கீழே இருந்த தரை காணாமல் போகும். அண்ணன் ஏறுவான். “பாப்பா, வா வா” என்று கூப்பிட்டுக்கொண்டேதான் ஏறுவான். நான் சாவேன். என் மூன்றும் அருவியில் தீரும். அவனுடையதில் ஒன்றை எடுத்தால் தலையில் குட்டு விழும். அந்த வீட்டில் நான் எட்டாவது ஸ்டேஜைப் பார்த்தது பக்கத்தில் உட்கார்ந்து மட்டும்தான்.

அதனால் இந்த வருஷம் பெட்டியை மாட்டியதும் முதல் ரிமோட்டை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷ ஆசை அது. அருவி வந்தது. ஏறினேன். மகன் கத்தினான். அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

அண்ணன் எனக்குச் செய்ததை நான் என் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் கெட்டவன் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மேலே இருப்பவனின் கண் மேலேயே இருக்கிறது, அடுத்த பாறை, அடுத்த எதிரி. கீழே ஒருவன் நிற்கிறான் என்பது அவன் கத்தினால்தான் தெரிகிறது. கத்தும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அன்று சாயந்திரம் ரிமோட்டை மாற்றிக்கொண்டோம். அவனுக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது. ரப்பர் தேய்ந்த அந்த ‘பி’ பட்டனை எந்த இடத்தில் அழுத்தினால் வேலை செய்யும் என்று என் கட்டைவிரலுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

அருவி ஏறுவதற்கு ஒரு முறை வகுத்தோம். முறைப்பாசனம் என்று அப்பாவே அதற்குப் பெயர் வைத்தார். ஒருவர் பாறையில் ஏறி மேலே இருக்கிற எதிரியைச் சுட்டு வழி செய்துவிட்டு நிற்க வேண்டும். அடுத்தவர் அதே பாறைக்கு வந்ததும் “வந்தாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த தாவல். முதல் இரண்டு நாள் மகனுக்குப் பொறுக்கவில்லை, கால் தானாகத் தாவியது. மூன்றாம் நாள் இருவரும் சொல்லிச் சொல்லி ஏறினோம். வந்தாச்சு. ஏறு. வந்தாச்சு. உருண்டு வந்த பாறை ஒன்று என்னைக் கொன்றபோது அவன் நகரவில்லை, நான் மறுபடி வந்து விழும் வரை அதே இடத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். உச்சிக்குப் போய் அங்கே இருந்த பூதத்தை முடித்தபோது அவனிடம் ஒரு லைஃப், என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே அவனுடையதில் ஒன்றை நான் எடுத்திருந்தேன். “எடுத்துக்கம்மா” என்று அவன்தான் சொன்னான். என் வாழ்க்கையில் அந்த பட்டனைக் குட்டு வாங்காமல் அழுத்தியது அன்றுதான்.

முப்பது லைஃப் ரகசியம்

விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள், முப்பது லைஃப் குறியீடு இருக்கிறதே என்று. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. ஆரம்பத் திரையில் இதை அழுத்தினால் மூன்று லைஃப் முப்பதாகும். கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-ல் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது வைத்தது அது. சோதித்துப் பார்க்க அவராலேயே அதைக் கடைசி வரை ஆட முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார், விற்பனைக்குப் போகும்போது அது நீங்காமல் உள்ளேயே தங்கிவிட்டது. கான்ட்ராதான் அதை உலகப் புகழ் ஆக்கியது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்தார். செய்தவருக்கே கடினமாக இருந்தது என்று நான் மகனிடம் சொன்னபோது அவனுக்கு அவ்வளவு ஆறுதல்.

குறியீட்டை அவனுக்கு உடனே சொல்லவில்லை. அருவியைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். முப்பது லைஃப் இருந்திருந்தால் அருவியில் அவன் சாவதும் நான் சாவதும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது, ஆளுக்குப் பத்துத் தடவை செத்து எப்படியாவது மேலே போயிருப்போம். “வந்தாச்சு” என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. மூன்றே மூன்று இருக்கும்போதுதான் ஒன்றைக் கொடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. சொன்ன பிறகு அவன் ஒரு தடவை போட்டுப் பார்த்தான். மறுநாள் அவனாகவே, “மூணுலயே ஆடுவோம்மா” என்றான்.

பெட்டி இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கொனாமியே 2019-ல் பழைய கான்ட்ராக்களைத் தொகுத்து இன்றைய பெட்டிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் விற்கிறது, அதில் பாதியில் சேமித்தும் வைக்கலாம். தட்டை டிவியில் ஆடுபவர்கள் செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று பாருங்கள், போட்டால் தாமதம் வெகுவாகக் குறையும். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையோடு கான்ட்ரா வேண்டாம், சுடுவது தவிர அதில் வேறு வேலை இல்லை. சர்க்கஸ், மாரியோ போதும். ஒரு நாளைக்கு எங்கள் கணக்கு ஒரு ஆட்டம், தொடர்கிற வாய்ப்பு மூன்றும் தீர்ந்தால் பெட்டியை அணைத்துவிட வேண்டும். அணைப்பதற்குச் சண்டை வந்ததில்லை. இருவரும் சேர்ந்துதான் தோற்றிருப்போம்.

ஸ்கூல் திறந்த பிறகும் சனிக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்து பேரவூரணிக்கு பஸ் ஏறுகிறோம். பெட்டியை ஊரிலேயே வைத்திருக்கிறோம், டிவி அங்கேதான் இருக்கிறது, முறை சொல்ல அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். பனி ஸ்டேஜில் கையெறி குண்டுகளுக்கு மூன்று வாரம் கொடுத்தோம். இப்போது ஆறாவதில் நிற்கிறோம். மேலும் கீழும் நெருப்பு வெடித்து வெடித்து அணைகிற இடம் அது, அணையும் நேரம் பார்த்து ஓட வேண்டும். இதுவரை தாண்டவில்லை.

அண்ணனும் இப்போது சிங்கப்பூரில்தான். வீடியோ காலில் மகன் ரிமோட்டைக் காட்டி, “மாமா, அருவி தாண்டிட்டோம்” என்றான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பாப்பாவும் தாண்டிருச்சா?” என்று கேட்டான். பொங்கலுக்கு வருகிறான். முதல் ரிமோட் யாருக்கு என்பதை மருமகனிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்குப் பெட்டி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலேயே அட்டையைப் பிரித்துப் பாருங்கள். ரிமோட் இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவதிலும் எல்லா பட்டனும் வேலை செய்ய வேண்டும்.